இடக்கை இசைத்த பண்கள்

மேலைச் செவ்வியல் இசையில் பியானோ இரு கைகளுக்கும் உரிய கருவியாகும். பெரும்பாலும் வலக்கை இன்னிசையை எடுத்துச் செல்ல, இடக்கை கீழ்ச்சுரங்களால் அதற்கு அடித்தளம் அமைக்கும். வலக்கை பயன்படாது போனால் அக்கலைஞரின் நிலை யாது? அமெரிக்கப் பியானோக் கலைஞர் லியான் பிளைஷர் முப்பத்தாறாம் வயதில் இவ்வினாவை எதிர்கொண்டார்.

பிளைஷர் 1928ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில், குடியேறிய யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். நான்கு வயதில் பியானோ பயிலத் தொடங்கிய அவர், ஒன்பதாம் வயதில் ஆர்தர் ஷ்னாபெல்லின் மாணவரானார். ஷ்னாபெல்லின் ஆசிரியர் லெஷெடிட்ஸ்கி. அவருடைய ஆசிரியர் செர்னி. செர்னியோ பீத்தோவனிடம் நேரில் பயின்றவர். குருமரபு நம் இசைக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் புலப்படும். பதினாறாம் வயதில் நியூயார்க் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் வாசித்த பிளைஷர், 1952இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடைபெற்ற எலிசபெத் அரசி இசைப்போட்டியில் முதற்பரிசு வென்றார்.

1964இல் அவரது வலக்கையின் கடைசி இரு விரல்களும் தாமாகவே உள்ளங்கையை நோக்கி மடங்கலாயின. ‘டிஸ்டோனியா’ என்னும் இந்நோயில் குறை, விரலில் இல்லை. நுண்ணிய அசைவுகளைப் பல்லாண்டுகள் இடைவிடாது பயின்றோர் சிலருக்கு, விரல்களை இயக்கும் மூளைப்பகுதியின் கட்டளைகள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. அக்காலத்து மருத்துவர்களால் அதனை இனங்காண இயலவில்லை. கடும் பயிற்சியால் உயர்ந்தவருக்கு அப்பயிற்சியே பகையாயிற்று. உயிர்வாழ்தலே வீண் எனக் கருதுமளவிற்கு அவர் துயருற்றார்.

அந்நிலையில், முன்னரே ஒருவர் அமைத்துச் சென்ற வழி அவருக்குத் துணையாயிற்று. ஆஸ்திரியப் பியானோக் கலைஞர் பால் விட்கென்ஸ்டைன் முதல் உலகப்போரில் வலக்கரத்தை இழந்தவர். செல்வந்தராகிய அவர், ராவெல், புரோகோஃபியேவ் முதலிய இசையமைப்பாளர்களிடம் இடக்கைக்கு மட்டுமான படைப்புகளைக் கேட்டுப் பெற்றார். இவ்வகைப் படைப்புகளில் கட்டைவிரல் இன்னிசையை ஏந்த, ஏனைய விரல்கள் கீழ்ச்சுரங்களை இசைக்கும். கை மேற்பகுதிக்குத் தாவும்போது, காலால் அழுத்தப்படும் மிதிகட்டை கீழ்ச்சுரத்தின் ஒலியை மறையாது காக்கும். கண்களை மூடிக் கேட்போர் இரு கைகள் வாசிப்பதாகவே எண்ணுவர்.

பிளைஷர் இசைக்குழு நடத்துநராகவும் ஆனார். 1970இல் அன்னாபோலிஸ் சிம்பொனி இசைக்குழுவை ஏற்ற அவர், 1973இல் பால்டிமோர் சிம்பொனியின் இணை நடத்துநரானார். நடத்துநர் எக்கருவியையும் வாசிப்பதில்லை. தம் மனத்துள் கேட்கும் இசையைக் கையசைவால் பிறர் வழியே வெளிப்படுத்துகிறார். பால்டிமோரின் பீபாடி இசைப்பள்ளியில் கற்பித்தபோதும் அவருக்கு இதே நிலைதான். வலக்கையால் வாசித்துக் காட்ட இயலாமையால், ஒவ்வொன்றையும் சொல்லால் விளக்க வேண்டியதாயிற்று. அச்சொற்களைத் தேடியதே அவரைச் சிறந்த ஆசிரியராக்கியது எனலாம்.

1982இல் இரு கைகளாலும் மேடையில் வாசித்தார். அவையோர் மகிழ்ந்தனர், ஆயினும் நோய் நீங்கவில்லை என்பதை உணர்ந்து மீண்டும் இடக்கைக்கே திரும்பினார். 1990களில்தான் இறுகிய தசைகளைத் தளர்த்தும் ஊசிமருந்து ஓரளவு பயன் தந்தது. 2004இல் ‘இரு கைகள்’ எனப் பொருள்படும் பெயரில் அவரது இசைத்தட்டு வெளிவந்தது.

அதே ஆண்டு பெர்லினில் அவர் மற்றொரு படைப்பையும் அரங்கேற்றினார். விட்கென்ஸ்டைனுக்காக ஹிண்டமித் 1923இல் இயற்றிய அப்படைப்பு, வாசிக்கப்படாமலே அவர் குடும்பத்தாரிடம் பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்தது. வலக்கை ஓரளவு மீண்டிருந்த அந்நாளில், பிளைஷர் அதனை இடக்கையால் மட்டுமே வாசித்தார்.