உருளைக்கிழங்கு மேயர்!

காலேஜ் எலெக்‌ஷன். 'இவன் நம்ம பேச்சைக் கேட்பான்டா' என்று நம்பி சீனியர்ஸ் ஒருத்தனை நிறுத்துறாங்க, ஜெயிக்க வைக்கிறாங்க. ஜெயிச்ச கையோட அவன் மெஸ் கான்ட்ராக்ட் கணக்கைக் கேட்டா எப்படி இருக்கும்? 1889-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. கணக்குக் கேட்டவர் பெயர் ஹேஸன் பிங்ரீ.

ஷூ கம்பெனியில் தோல் வெட்டிக்கொண்டிருந்தவர். உள்நாட்டுப் போரில் சிப்பாயாகப் போய், எதிரிகளிடம் பிடிபட்டு ஆண்டர்சன்வில் சிறையில் கிடந்தார். சுமார் 13,000 கைதிகள் செத்துப்போன இடம் அது! தப்பிப் பிழைத்து டெட்ராய்ட்டுக்கு வந்து, 1866-ல் ஒரு பார்ட்னரோடு சொந்தமாக ஷூ கம்பெனி ஆரம்பித்துப் பெரிய பணக்காரர் ஆனார். 'நம்மாளு' என்றுதான் ஊர்ப் பெருந்தலைகள் அவரை மேயர் தேர்தலில் நிறுத்தினார்கள்.

ஆனா மனுஷன் சீட்டில் உட்கார்ந்ததும் அந்தப் பெருந்தலைகள் மடியிலேயே கை வைத்தார். மரக்கட்டை பதித்து மட்கிப்போன ரோடுகளைப் பெயர்த்துப் புது ரோடு போட்டார். டிராம் கம்பெனி 5 சென்ட் டிக்கெட் வாங்குதா? போட்டிக்கு இன்னொரு கம்பெனியை இறக்கி சுமார் 3 சென்ட்டுக்கு ஓட்ட வைத்தார். தெரு விளக்குக்கு நகராட்சியே கரன்ட் தயாரிக்கட்டும் என்று 1895-ல் சொந்த மின் நிலையம். (நான் படிக்கிறது எலெக்ட்ரிகல். இந்த ஒரு மேட்டருக்காகவே அவருக்கு சல்யூட்!)

ஆனா அவர் பேர் நின்னது உருளைக்கிழங்கால்தான். 1893-ல் அமெரிக்காவே பொருளாதாரச் சரிவில் படுத்துவிட்டது. ஃபேக்டரிகள் மூடல், வேலை போச்சு. பிழைக்க வந்த போலந்துக்காரர்களும் ஜெர்மானியர்களும் பசியில் கிடந்தார்கள். ஊரைச் சுற்றிக் காலி மனைகள் சும்மா கிடப்பதைப் பார்த்த பிங்ரீ, 'நிலத்தைக் கொடுங்க, அவங்களே பயிர் பண்ணிக்கட்டும்' என்று மனைக்காரர்களைக் கேட்டார். விதைக்கும் கலப்பைக்கும் காசு? சர்ச்சுகளில் உண்டியல் வைத்தால் 14 டாலர்கூடத் தேறலை. பிங்ரீ தன்னோட ஆசைக் குதிரையை ஏலத்தில் விற்றார்.

பேப்பர்காரர்கள் கார்ட்டூன் போட்டுச் சிரித்தார்கள். ஆனா 1894-ல், முதல் வருஷமே 430 ஏக்கரில் 945 குடும்பங்கள் உருளை, பீன்ஸ், டர்னிப் என்று அறுவடை பண்ணின. அப்புறம் மற்ற அமெரிக்க நகரங்களும் இதைக் காப்பி அடித்தன. காப்பி அடிப்பதில் தப்பே இல்லை பாஸ், நல்ல விஷயமா இருந்தா!

இதுக்கெல்லாம் அவர் கொடுத்த விலை? ஒரு பேங்க் அவரை டைரக்டர் பதவியிலிருந்து தூக்கியது. பணக்கார நண்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சாமானிய ஜனம் மட்டும் விடலை, நாலு தடவை அவரையே மேயராக்கியது.

அவர் ஒண்ணும் புத்தர் இல்லை. 1896-ல் மிச்சிகன் மாநில கவர்னர் தேர்தலிலும் ஜெயித்தவர், மேயர் நாற்காலியையும் விட மாட்டேன் என்று அடம் பிடித்தார். 'ரெண்டும் சேர்த்து வெச்சுக்க முடியாது' என்று மாநில சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான், 1897-ல் மேயர் பதவியை விட்டார். கவர்னராக ரயில்வே கம்பெனிகளிடம் ஒழுங்காக வரி வசூலிக்கப் பார்த்தார். செனட்காரர்கள் முட்டுக்கட்டை போட்டார்கள்.

1901-ல், ஆப்பிரிக்கப் பயணம் முடிந்து திரும்பும் வழியில், லண்டனில் இறந்துபோனார். மூணே வருஷத்தில், டெட்ராய்ட் நடுவே கிராண்ட் சர்க்கஸ் பூங்காவில் அவருக்குச் சிலை எழுந்தது. சாதாரண மக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்ட காசில்!