மாட்டை எழுப்பும் பாட்டிலும் மின்சாரமும்

"கன்னு போட்ட மறுநாள் மாடு படுத்திடுச்சு சார். கழுத்தை விலாப்பக்கம் திருப்பி வெச்சுக்கிச்சு, காதெல்லாம் ஜில்லுன்னு இருந்துச்சு. டாக்டர் வந்து ஒரு பாட்டில் ஏத்தினார். கொஞ்ச நேரத்துல எழுந்து நின்னுடுச்சு. அந்தப் பாட்டில்ல அப்படி என்னதான் இருக்கு?"

கறவை மாடு வளர்ப்போர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அதற்கான பதிலில், மருந்து தயாரிக்கும் முறை பற்றி நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் இருக்கிறது.

மாட்டுக்கு வந்தது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சூடாக இருக்காது. கன்று ஈன்றதும் சீம்பாலில் கால்சியம் மளமளவென்று இறங்கிவிடுவதால், இரத்தத்தில் அது குறைந்து தசைகள் வலுவிழக்கின்றன. அதிகப் பால் கறக்கும் மாடுகளில், பெரும்பாலும் ஈன்ற மூன்று நாட்களுக்குள் இது வரும்.

பாட்டிலில் இருப்பது கால்சியம் போரோகுளுக்கோனேட். குளுக்கோசிலிருந்து கிடைக்கும் குளுக்கோனிக் அமிலத்தோடு கால்சியத்தைச் சேர்த்தால் கால்சியம் குளுக்கோனேட். அது தண்ணீரில் நன்றாகக் கரைவதற்காகப் போரிக் அமிலம் சேர்க்கிறார்கள்.

குளுக்கோசை இந்த அமிலமாக மாற்ற, புரோமின் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்தலாம். இது மூக்கையும் நுரையீரலையும் புண்ணாக்கும் நச்சுத் திரவம். கணக்குப்படி 180 கிலோ குளுக்கோசுக்கு 160 கிலோ புரோமின் வேண்டும். வேலை முடிந்ததும் அத்தனையும் உப்பாகிக் கழிவுநீரில் நிற்கும். அந்தக் கழிவுநீரைச் சரியாகச் சுத்திகரிக்காமல் விட்டால், கடைசியில் அது வந்து சேரும் இடம் நம் ஓடையும் கிணறும்தான்.

இதற்கு ஒரு மாற்று வழியை 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில் ஹொரேஸ் இஸ்பெல் குழுவினர் காட்டினார்கள். கவரிங் நகைக்கு முலாம் பூசும் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதுபோன்ற தொட்டியில் குளுக்கோஸ் கரைசல், கொஞ்சம் புரோமைடு உப்பு, சுண்ணாம்புக்கல் மாவு ஆகியவற்றைப் போட்டு, கரித் தண்டுகள் வழியாக பேட்டரியில் வருவது போன்ற டி.சி. மின்சாரம் செலுத்துவார்கள்.

நேர்முனையில் புரோமைடு புரோமினாக மாறுகிறது. அது குளுக்கோசை அமிலமாக மாற்றிவிட்டு, தான் மறுபடி புரோமைடு ஆகிவிடுகிறது. அமிலத்தோடு சுண்ணாம்புக்கல் மாவு சேர்ந்து கால்சியம் குளுக்கோனேட் கிடைக்கிறது. எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழியாக வெளியேறும்.

அந்தக் காலத்துக் கமலை இறைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே சால்தான் இறங்கி ஏறி, வயல் முழுவதற்கும் நீர் இறைக்கும். இங்கே புரோமைடுதான் சால், மின்சாரம்தான் அதை இழுக்கும் மாடு. அதனால்தான் கிலோ கணக்கில் புரோமின் வாங்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் உப்பு போதுமானதாக இருக்கிறது.

மின்செலவு? கணக்குப்படி ஒரு கிலோ குளுக்கோசுக்கு ஏறத்தாழ 300 ஆம்பியர்-மணி. 5 வோல்ட்டில் ஓடினால் ஒன்றரை யூனிட், அதாவது நம் 5 எச்.பி. மோட்டார் சுமார் 20 நிமிடம் ஓடும் அளவு. நடைமுறையில் இழப்பும் சேர்ந்து இது கூடும்.

இப்படி மின்சாரத்தைக் கொண்டு ரசாயனம் தயாரிக்கும் ஆராய்ச்சிக்கு நம் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அங்கே அமைந்தது அது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறக்கப்பட்டது.

ஆனால், மின்சாரம் என்றாலே பசுமை என்று நினைத்துவிடக் கூடாது. நிலக்கரியில் எடுத்த மின்சாரமாக இருந்தால், புகை இங்கே இல்லாமல் அனல்மின் நிலையத்தில் வரும், அவ்வளவுதான். தொட்டி கழுவும் நீரையும் சுத்திகரித்தே ஆக வேண்டும். குளுக்கோனிக் அமிலத்தைப் பொறுத்தவரை, இன்று பெரும்பகுதி பூஞ்சையைக் கொண்டு நொதிக்க வைத்துத்தான் எடுக்கிறார்கள். அதுவும் நல்ல முறையே. ஆனால், எல்லாப் பொருளையும் நுண்ணுயிரைக் கொண்டு செய்துவிட முடியாது. அங்கேதான் இந்த மின்சார முறைக்கு வேலை இருக்கிறது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக அதன் மதிப்பும் கூடும். உங்கள் பகுதிக்கு ரசாயனத் தொழிற்சாலை வருகிறது, கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கிறது என்றால், "என்ன தயாரிக்கப் போகிறீர்கள்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எந்த முறையில் தயாரிப்பீர்கள், கழிவில் என்ன மிஞ்சும்?" என்றும் கேளுங்கள்.

முடிக்கும் முன் ஓர் எச்சரிக்கை. கடையில் கிடைக்கிறதே என்று இந்தப் பாட்டிலை நீங்களே மாட்டுக்கு ஏற்றாதீர்கள். கால்சியம் வேகமாக இரத்தத்தில் இறங்கினால் இதயம் நின்று மாடு செத்துவிடும். மருத்துவர் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து இது. படுத்த மாட்டின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். ஒரு பக்கமாகச் சாய்ந்து வயிறு உப்பிவிடாமல், நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, இருபுறமும் வைக்கோல் மூட்டையை அணை கொடுங்கள். உடனே 1962-க்கு போன் செய்யுங்கள்.