பசிக்கிற இடமே பாலூட்டும் இடம்

சித்திரை வெயிலில் தங்கையையும் அவளுடைய மூன்று மாதக் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் வண்டி மாற வேண்டும். இறங்கும்போதே பிள்ளை கை முட்டியைச் சப்பத் தொடங்கிவிட்டான். 'தாய்மார்கள் பாலூட்டும் அறை' என்று சுவரில் பெரிதாக எழுதியிருந்ததைப் பார்த்து நிம்மதியாக நடந்தோம். கதவில் பூட்டு தொங்கியது. டைம் கீப்பர் அறையில் கேட்டபோது, சாவி தூய்மைப் பணியாளரிடம் இருக்கிறது, அவர் காலை வேலை முடிந்து போய்விட்டார் என்றார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே பினாயில் கேன்களும் விளக்குமாறுகளும் கால் உடைந்த நாற்காலி ஒன்றும் இருந்தன.

அதற்குள் பிள்ளை வீறிட ஆரம்பித்தான். அவன் அழுகைச் சத்தத்துக்கே பால் சுரந்து தங்கையின் ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா கூடையை நகர்த்தி இடம் விட்டார். "இங்க உக்காரு கண்ணு. புள்ள பசியில அழறப்ப சாவியத் தேடிக்கிட்டா இருப்பாங்க?" என்றவர், வெயிலுக்கு வைத்திருந்த குடையை எங்கள் பக்கம் சாய்த்தார். பத்து நிமிடத்தில் பிள்ளை தூங்கிப்போனான்.

பாலூட்டும் அறை வேண்டும். அது பூட்டாமல், சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் அறை இருந்தால்தான் பால் கொடுக்கலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் ஒவ்வொரு தாயும், அவரோடு பயணம் செய்கிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பசி ஏன் காத்திருக்காது?

பிறந்த சில வாரங்களில் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அதன் வயிறு சிறியது, தாய்ப்பால் எளிதில் செரிக்கும். எனவே இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மறுபடியும் பசிக்கும். தடுப்பூசிக்கு, ரேஷன் கடைக்கு, வங்கிக்கு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு என்று எங்கே போனாலும் அந்த நேரத்துக்குள் வீடு திரும்பிவிட முடியாது.

கையைச் சப்புவது, வாயைத் திறந்து இங்கும் அங்கும் தேடுவது, நெளிவது ஆகியவை பசியின் முதல் அறிகுறிகள். அழுகை கடைசி அறிகுறி. அழ விட்டபிறகு கொடுத்தால் குழந்தை சரியாக வாய் வைக்காது. காற்றையும் சேர்த்து விழுங்கும்.

தள்ளிப்போட்டால் தாய்க்கும் பாதிப்பு உண்டு. மார்பு கனத்துப் பால் கட்டிக்கொள்ளும். கட்டிய இடம் சிவந்து, வலித்து, காய்ச்சல் வரை போகலாம். அப்படியானால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பால் வெளியேறாமல் தேங்குவது தொடர்ந்தால் சுரப்பும் குறையத் தொடங்கும்.

"வெளிய போறப்ப புட்டில பால் பவுடர் கலந்து எடுத்துக்கோ" என்பது பல வீடுகளில் சொல்லப்படும் யோசனை. பயணத்தில் புட்டியைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ய வசதி இருக்காது. கிருமி சேர்ந்தால் வயிற்றுப்போக்கு வரும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே, பிறகு இணை உணவோடு 2 வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கோடையிலும் 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை. அடிக்கடி பால் கொடுத்தாலே போதும்.

கழிப்பறைக்குள் போய்க் கொடுக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நாம் யாரும் கழிப்பறையில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. குழந்தைக்கும் அது சாப்பாட்டு வேளைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொது இடத்தில் பாலூட்டுவதைத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் கிடையாது. பாலூட்டுவது ஆபாசமும் ஆகாது. 2018-ல் 'கிருகலட்சுமி' என்ற மலையாள இதழ், பொது இடத்தில் பாலூட்டும் உரிமைக்காக ஓர் அட்டைப்படம் வெளியிட்டது. அது ஆபாசம் என்று தொடரப்பட்ட வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், மருத்துவமனையில் திருடப்பட்ட குழந்தையைப் பெற்ற தாயிடமே ஒப்படைக்கச் சொன்ன வழக்கில், பாலூட்டுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு காக்கும் உரிமை என்று கூறியது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, 2025 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. 'மாத்ரு ஸ்பர்ஷ்' என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கு அது. நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, பிரசன்னா பி. வராலே ஆகியோர், பொது இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ பாலூட்டுவதை இழிவாகக் கருதக் கூடாது என்றனர். பெண்களின் கண்ணியத்தைக் குலைக்கும் வழக்கங்களைக் கைவிடுவது ஒவ்வொரு குடிமகனின் அடிப்படைக் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51A(e) பிரிவு சொல்வதையும் நினைவூட்டினர். புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்களில் பாலூட்டும் அறைக்கு இடம் ஒதுக்க வேண்டும், ஏற்கெனவே உள்ளவற்றில் முடிந்தவரை ஏற்படுத்த வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

தமிழ்நாடு இதில் முன்னால் நின்ற மாநிலம். 2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தின்போது, 350-க்கும் மேற்பட்ட பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளை அன்றைய முதல்வர் ஜெயலலிதா திறந்துவைத்தார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கைக்குழந்தையோடு வெளியே வரும் தாய்க்குப் பயணச் செலவு குறைந்திருக்கிறது. அதனால் அந்த அறைகளைப் பூட்டாமல் வைத்திருப்பது முன்னைவிட இப்போது அவசியம்.

வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்க்கு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்டுவதற்கென்று தினமும் இரண்டு இடைவேளைகள் உண்டு. 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தந்த உரிமை இது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும். அங்கே இருக்கும் குழந்தையைத் தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். வாய்மொழியாகக் கேட்டு மறுத்தால், கடிதமாகக் கொடுத்துத் தேதி போட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகும் மறுத்தால் தொழிலாளர் துறையிடம் புகார் செய்யலாம்.

யாராவது படம் எடுத்தால்?

தாய்மார்களை அதிகம் பயமுறுத்துவது செல்போன் கேமராதான். இதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது.

பாலூட்டும் அறை போல, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பி ஒரு பெண் இருக்கும் இடத்தில் ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் அதைப் பரப்புவதும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. பெண்ணை அவமதிக்கும் நோக்கத்தோடு பேசுவதும் சைகை காட்டுவதும் அவள் தனிமையில் தலையிடுவதும் 79-ஆவது பிரிவில் குற்றம். 3 ஆண்டு வரை சிறை. அந்தரங்க உறுப்பை அனுமதியின்றிப் படம் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவும் சேரும்.

அப்படி நடந்தால் வெட்கப்பட்டு விலகிப் போகாதீர்கள். சத்தம் போட்டுப் பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். 112 அல்லது மகளிர் உதவி எண் 181-ஐ அழையுங்கள். ரயிலிலோ ரயில் நிலையத்திலோ என்றால் 139. படத்தை அழிக்க வைத்து அனுப்பிவிடாமல் போலீஸ் வரும்வரை ஆளை நிறுத்திவைக்கப் பாருங்கள். அந்தப் போன்தான் சாட்சி.

கடையிலோ மாலிலோ "இங்க கொடுக்கக் கூடாது" என்று காவலாளி சொன்னால், அவரோடு வாக்குவாதம் வேண்டாம். மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லி, பாலூட்டும் அறை இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் இங்கேயே கொடுக்கிறேன் என்று அமைதியாகச் சொல்லுங்கள்.

பூட்டிய அறையைத் திறக்க வைப்பது எப்படி?

பெரும்பாலான பேருந்து நிலையங்கள் அந்தந்த ஊர் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சியின் பொறுப்பில் இருக்கின்றன. பூட்டின் படத்தைத் தேதி, நேரத்தோடு எடுத்து ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ மனு கொடுங்கள். முதல்வரின் உதவி எண் 1100-லும் பதிவு செய்யலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

அசையவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் நான்கு கேள்விகள் போதும்: அறை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? சாவி யார் பொறுப்பு? கடைசியாக எப்போது பராமரிப்புச் செலவு செய்யப்பட்டது? வேறு பொருள்களை உள்ளே வைக்க யார் அனுமதி கொடுத்தார்கள்? 30 நாளில் பதில் தர வேண்டும். நான் இந்த நான்கையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வருவதற்கு முன்பே பினாயில் கேன்கள் வெளியேறிவிட்டதாக அந்தப் பக்கம் போன உறவினர் சொன்னார்.

நல்ல அறைக்குப் பெரிய செலவு ஆகாது. முதுகு சாய்க்கும் நாற்காலி, மின்விசிறி, விளக்கு, உள்ளே போடும் தாழ்ப்பாள், கை கழுவ ஒரு குழாய், குழந்தைக்குத் துணி மாற்ற ஒரு மேடை, குப்பைத் தொட்டி, கதவில் ஒரு தொலைபேசி எண். கழிப்பறைக்குள் இருக்கக் கூடாது. கேமரா இருக்கவே கூடாது. பால் பவுடர் விளம்பரமும் கூடாது; 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவுகளை விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது.

கிளம்பும் முன்

வண்டி ஏறுவதற்குச் சற்று முன்பு ஒரு முறை பால் கொடுத்துவிடுங்கள். முன்பக்கம் திறக்கும் உடை வசதி. மேலே போர்த்த மெல்லிய பருத்தித் துணி போதும். கனமான துணியால் குழந்தையின் முகத்தை மூடினால் வெயிலில் மூச்சு முட்டும். போர்த்துவதும் போர்த்தாததும் உங்கள் விருப்பம். அறை இல்லாத இடத்தில் ஜன்னலோர இருக்கை, மகளிர் காத்திருப்பு அறை, துணிக்கடையில் உடை மாற்றும் அறை, மருந்துக் கடையில் உட்கார ஒரு நாற்காலி என்று கேட்டால் கிடைக்கும் இடங்கள் நிறைய.

கூட வருகிற கணவரும் மாமியாரும் அண்ணனும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "எல்லாரும் பாக்கறாங்க" என்று அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். தாய் பதறினால் பால் இறங்கத் தாமதமாகும். பையைத் தூக்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் வாங்கிக் கொடுங்கள்.

முன்பின் தெரியாத பயணிகளுக்கும் ஒன்று. அழுகிற குழந்தையோடு ஒரு பெண் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நின்றால், எழுந்து இடம் கொடுத்து, "இங்க உக்காந்து குடுங்கம்மா" என்று சொல்லுங்கள்.