ஓடும் ஜலத்தின் ஓசை

அணை கட்டும் பிராணியான பீவரைக் கொண்டுவந்து நம் ஏரிகளில் விட்டால் என்ன என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், குயஹோகா ஆற்றுப் பள்ளத்தாக்கில், அதன் கைவண்ணத்தை நேரில் கண்டவன் என்ற முறையில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1825-இல் வெட்டத் தொடங்கி 1832-இல் முடிந்த ஒஹாயோ–ஈரி கால்வாய், கோவேறு கழுதைகள் கரைமேல் நடந்து இழுத்துச் சென்ற படகுகளால் அப்பிரதேசத்துக்குச் செழிப்பைத் தந்து, இரயில் வந்தபின் மெலிந்து, 1913-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் சிதைந்து, கேட்பாரற்றுப் போயிற்று. அதன் ஓரத்துத் தாழ்நிலமோ பால்பண்ணையாக இருந்து, பின்னர் பழைய மோட்டார் வண்டிகளைக் குவிக்கும் இடமாயிற்று. 1984-இல் தொண்டர்கள் கூடி அந்தக் குப்பையை அகற்றினார்கள். அங்கே வண்டி நிறுத்துமிடம் அமைக்கலாம் என்ற யோசனையும் இருந்தது. ஆனால், தோலுக்காக வேட்டையாடப்பட்டு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் அப்பள்ளத்தாக்கிலேயே இல்லாதிருந்த பீவர்கள், அந்தச் சமயத்தில் தாமாகத் திரும்பிவந்து பாழ்க் கால்வாயில் அணை கட்டிவிட்டன! ஜலம் பரந்தது, அல்லி பூத்தது, ஆமைகளும் வாத்துகளும் நாரைகளும் வந்து சேர்ந்தன.

பீவரின் செம்மஞ்சள் பற்களையும் தட்டை வாலையும் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். என் மனத்தைக் கவர்ந்தது அதன் செவி. அணை என்பதையே கண்டிராமல் மனிதரிடம் வளர்ந்த பீவர்களும் ஓடும் ஜலத்தின் ஓசை கேட்ட மாத்திரத்தில் அணை கட்ட முற்படுவதை, சுவீடன் தேசத்து ஆராய்ச்சியாளர் லார்ஸ் வில்சன் கண்டறிந்தார். அவ்வோசையை ஒலிபெருக்கியில் எழுப்பினால், துளி ஈரமில்லாத தரையிலும், அந்த ஒலிபெருக்கியின் மீதே குச்சிகளைக் கொண்டுவந்து அடுக்குமாம்!

இதை அறிந்தபோது எங்கள் ஊர் ஏரியின் மடையைக் காத்துவந்த நீர்க்கட்டித் தாத்தாவின் ஞாபகம் வந்தது. ஐப்பசி மழை இரவில் திண்ணையில் அயர்ந்து உறங்குகிறவர், மடை கசியும் சலசலப்பு காதில் விழுந்ததும் மண்வெட்டியும் கையுமாக எழுந்து போய்விடுவார். அறுவடைக் களத்தில் ஊரார் அளந்த நெல்லே அவருக்கு ஊதியம். அவருக்குப்பின் எங்கள் ஏரிக்கு யாருமில்லை. பாசனம் நடந்த மடைவாயில் இன்று வீட்டுக் குப்பை கொட்டுகிறார்கள். பார்க்க நெஞ்சு பொறுக்கவில்லை.

அன்பரே, பீவர் குளிர்தேசத்துப் பிராணி. அர்ஜென்டினாவின் தென்கோடியில் 1946-இல் தோல் வியாபாரத்தை உத்தேசித்து விடப்பட்ட பீவர்கள் பெருகி, அங்கே காடுகளையே நாசமாக்கிவிட்டன. நமக்கு அது வேண்டாம். உங்கள் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையானால் அடுத்த மழைக்குள் ஒருவரை அமர்த்தி, களத்து நெல்லை முன்போல் அளந்து கொடுங்கள்.