மலைக்குப் போறீங்களாங்க? சீட்டு வாங்கிட்டுப் போங்க!
பிப்ரவரி 15 முதல் 2 மாதம் காட்டுக்குள் நுழையத் தடை

குன்னத்தூர்-

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வரும். ஒன்றரை ஷிப்டு பார்த்த அலுப்பு தீரும் முன்பே, கட்டிங் டேபிள் பக்கம் பேச்சு தொடங்கி விடும். "ஏனுங்ணா, நாளைக்கு எங்காச்சும் நடந்துட்டு வரலாமுங்களா?"

குன்னத்தூர், ஊத்துக்குளி, பெருமாநல்லூர் வட்டாரத்தில் கூட்டமாக நடப்பது புதிது அல்ல. தைப்பூசம், பங்குனி உத்திரம் வந்தால் கொங்கு நாடே காவடியும் கையுமாக காங்கயம், தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கும். சென்னிமலைக்கு 1,320 படி ஏறுகிறவர்களும் உண்டு.

இப்போது சாமிக்காக அல்லாமல், சும்மா காடு மலை பார்க்க நடக்கும் கோஷ்டிகளும் கிளம்பி விட்டன. வயதுப் பையன்கள், பெண்கள், குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து போகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் காட்டுக்குள் கால் வைக்கும் முன் ஒரு சங்கதியை நினைவில் வைக்க வேண்டும்.

குரங்கணி

11-3-2018. ஞாயிற்றுக்கிழமை.

தேனி மாவட்டம் போடி அருகே கொழுக்குமலையில் இருந்து குரங்கணிக்கு இறங்கிக் கொண்டிருந்தார்கள் 2 குழுவினர். ஒரு குழு சென்னையில் இருந்து வந்தது. இன்னொரு குழு நம்ம ஈரோடு, திருப்பூர் பக்கத்து ஆட்கள். சனி, ஞாயிறு லீவைக் கணக்குப் பண்ணிப் போனவர்கள்.

பங்குனி பிறக்கும் முன்பே புல் காய்ந்து சருகாகிக் கிடந்தது. தீ பிடித்ததும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மலைச்சரிவில் மேலேயும் ஏற முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. பள்ளத்துக்குள் ஒதுங்கியவர்களையும் தீ விடவில்லை.

சூலூர் விமானப்படைத் தளத்தில் இருந்து ஹெலிகாப்டர்கள் பறந்தன. மலைக்கிராமத்து ஜனங்கள் இருட்டில் டோலி கட்டி ஆட்களைச் சுமந்து இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் நாள் கணக்கில் போராடி உயிர் விட்டவர்களையும் சேர்த்து, பலியானவர்கள் 23 பேர்.

புதுச் சட்டம்

அதே 2018-ல் அரசு மலையேற்ற விதிகளைக் கொண்டு வந்தது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுப்பாதையில் போவது குற்றம். கூட்டிப் போகிறவர் 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று சொன்னால் போதாது. சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

24-10-2024-ல் வனத்துறையே 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. கம்ப்யூட்டரில் பணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். அந்தந்த மலைக்கிராமத்து இளைஞர்களே பயிற்சி பெற்று வழி காட்டுகிறார்கள். திருப்பூர் மாவட்டத்துக்கு உடுமலைக்கு அப்பால் சின்னாறு சோதனைச்சாவடியில் இருந்து கூட்டாறு வரை ஒரு பாதை உண்டு. குரங்கணியிலும் சாம்பலாறு அருவிக்கு ஒரு பாதை இருக்கிறது!

பிப்ரவரி 15-ந்தேதி முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீ காலம். அப்போது கதவு சாத்தி விடுவார்கள். குரங்கணியில் தீ பிடித்ததும் இந்த 2 மாதத்துக்குள்தான்.

மான்செஸ்டர் மில்காரர்கள்

மலை ஏற அனுமதி கேட்டு ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பஞ்சாலை ஊர். அங்கே ஞாயிற்றுக்கிழமை வந்தால் தொழிலாளர்கள் சங்கம் சேர்த்துக்கொண்டு நடப்பார்கள். பக்கத்தில் கிண்டர் ஸ்கவுட் என்ற மலை. அதையோ பிரபுக்கள் வேட்டைக்கு என்று வேலி போட்டு வைத்திருந்தார்கள்.

24-4-1932 அன்று சுமார் 400 பேர் கும்பலாக ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு. தலைமை தாங்கிய பென்னி ரோத்மன் என்ற 20 வயது மெக்கானிக்குக்கு 4 மாதம் சிறை. மொத்தம் 5 பேர் உள்ளே போனார்கள். அதே மலைப்பகுதி 1951-ல் அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. பனியன் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகாது.

மலை வேண்டாம் என்றால்...

முட்டி வலிக்காரர்கள், குழந்தை குட்டி உள்ளவர்கள் திருப்பூர்-ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் சர்க்கார் பெரியபாளையத்துக்குப் போகலாம். அங்கே நஞ்சராயன் குளம் இருக்கிறது. 125 ஹெக்டேர் தண்ணீர்க்காடு. நல்லாற்றில் வரும் மழைத் தண்ணீர்தான் இதற்கு ஆதாரம். சாயக்கழிவு, ஊர்க்கழிவு என்று பட்ட பாடு கொஞ்சம் அல்ல. பறவை பார்க்கும் உள்ளூர் ஆர்வலர்கள் விடாமல் கணக்கு எடுத்தார்கள். 2022-ல் சரணாலயம் ஆனது. 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலில் சேர்ந்து உலகப் பெயர் வாங்கி விட்டது.

இதுவரை 191 வகைப் பறவைகள் கணக்கில் வந்திருக்கின்றன. இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் வரித்தலை வாத்தும் இங்கே இறங்கியிருக்கிறது. நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை நல்ல சீசன். காலை 6 மணிக்குக் கரையில் நிற்க வேண்டும். சிவப்புச் சட்டை, செல்போன் பாட்டு இரண்டும் வேண்டாம். வெயில் ஏறினால் பறவைகள் ஒதுங்கி விடும்.