பன்றி நகரமும் ஒரு பாட்டில் தண்ணீரும்

நனிசைவ நகரங்கள் – 9

லண்டனை முடித்தாயிற்று. 1944 நவம்பரில் டொனால்ட் வாட்சனும் சிலரும் வீகன் சொசைட்டியை, அதாவது நனிசைவச் சங்கத்தை, தொடங்கியதும், பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்று அவர்கள் ஏன் சொன்னார்கள் என்பதும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் டொரன்டோவின் உணவகங்கள் என்று சொல்லியிருந்தேன். குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது ஒரு பட்டாணிக் கதை கையில் சிக்கிவிட்டது. அதைச் சொல்லாமல் சாப்பாட்டு மேஜைக்குப் போக மனம் வரவில்லை.

டொரன்டோவுக்கு ‘ஹாக்டவுன்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பன்றி நகரம். பெயர் வந்த விதத்துக்குப் பல கதைகள் இருந்தாலும் எல்லோரும் கைகாட்டுவது வில்லியம் டேவிஸ் என்பவரின் கம்பெனியைத்தான். இங்கிலாந்திலிருந்து குடியேறியவர். 1850-களில் செயின்ட் லாரன்ஸ் மார்க்கெட்டில் வியாபாரத்தை ஆரம்பித்து, பன்றி இறைச்சியைப் பதப்படுத்தித் தாய்நாட்டுக்குக் கப்பலில் அனுப்பினார். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அவருடைய ஆலை பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்திலேயே பெரியது என்று பேர் வாங்கியிருந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய 5 லட்சம் பன்றிகள். வருடத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்துக் கணக்குப் போட்டால், நாளொன்றுக்கு 1,600-க்கு மேல் வருகிறது. ஒரு நகரத்துக்குப் பட்டப்பெயர் வர இது போதாதா?

பட்டாணி இங்கேதான் வருகிறது. ஃபிரிட்ஜ் இல்லாத காலம். உப்புநீரில் ஊறவைத்த இறைச்சி கடல் தாண்டிக் கெடாமல் போய்ச் சேர வேண்டும். காய்ந்த மஞ்சள் பட்டாணியை மாவாக அரைத்து, இறைச்சித் துண்டை அதில் புரட்டி எடுத்து அனுப்பினார்கள். ‘பீமீல் பேக்கன்’ என்று அதற்குப் பெயர். இப்போது பட்டாணி மாவுக்குப் பதில் மக்காச்சோள மாவில் புரட்டுகிறார்கள், பெயர் மட்டும் பட்டாணியாகவே நின்றுவிட்டது. டொரன்டோவின் அடையாள உணவு எது என்று கேட்டால் இன்றும் பலர் இதைத்தான் சொல்வார்கள்.

டேவிஸ் கம்பெனி 1927-ல் வேறு சில கம்பெனிகளோடு சேர்ந்து ‘கனடா பேக்கர்ஸ்’ ஆனது. அது 1991-ல் இன்னொன்றோடு இணைந்து ‘மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ்’ ஆனது. மேப்பிள் லீஃப் 2017-ல் ‘லைட்லைஃப்’ என்ற கம்பெனியை விலைக்கு வாங்கியது. லைட்லைஃப் இறைச்சி விற்கும் கம்பெனி அல்ல. தாவரப் புரதத்தில் உணவு செய்வது. அடுத்து ‘ஃபீல்ட் ரோஸ்ட்’ என்ற இன்னொரு தாவர உணவுக் கம்பெனியையும் வாங்கினார்கள். 2019-ல் லைட்லைஃப் ஒரு பர்கரைக் கொண்டுவந்தது. அதன் மூலப்பொருள் என்ன தெரியுமா? பட்டாணிப் புரதம்!

இதைப் படித்த அன்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பன்றி இறைச்சி கெடாமல் இருக்க மேலே பூசிய பட்டாணி, ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே வம்சத்துக் கம்பெனியில் இறைச்சியின் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. அந்தக் கம்பெனி இறைச்சி வியாபாரத்தைக் கைவிடவில்லை, மனம் மாறி இதைச் செய்ததாகவும் நான் நினைக்கவில்லை. கேட்டு வாங்குகிறவர்கள் பெருகினார்கள், கம்பெனி பின்னால் வந்தது. கேட்டு வாங்குகிறவர்கள் எப்படிப் பெருகினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஒரு காரணம் பழையது. டொரன்டோவில் சைவ உணவாளர் சங்கம் 1945-லேயே தொடங்கிவிட்டது. 1985-லிருந்து ஏரிக்கரையில், ஹார்பர்ஃப்ரன்ட்டில், ஆண்டுதோறும் உணவுத் திருவிழா நடத்தினார்கள். உள்ளே போகக் கட்டணம் கிடையாது. இறைச்சி சாப்பிடுகிறவரும் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு கடையாக ருசி பார்த்துவிட்டுப் போகலாம். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் நாக்கின் வழியே பேசுகிற இந்த முறையின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

இன்னொரு காரணம் தெருவில் நின்றது.

அனிதா க்ரைன்ஸ் அரசியல் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 2010-ல் ஒரு நாயைத் தத்தெடுத்தார். பெயர் மிஸ்டர் பீன். காலையில் அதைக் கூட்டிக்கொண்டு லேக் ஷோர் சாலையோரம் நடப்பார். அலுவலக நேர நெரிசல். கார்களுக்கு நடுவே பன்றி லாரிகளும் நகர முடியாமல் நிற்கும். பக்கத்திலேயே ஓர் அறுப்புக்கூடம், நகரத்துக்குள்ளேயே. அது அங்கே இருப்பது அவருக்கு முன்பே தெரியும். ஆனால் நாயோடு நடக்கிற வேகத்தில் போகும்போதுதான் லாரியின் துளைகள் வழியே பார்க்கும் கண்கள் தெரிந்தன. அந்த டிசம்பரில் ‘டொரன்டோ பிக் சேவ்’ பிறந்தது.

அவர்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். லேக் ஷோரும் ஸ்ட்ரான் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், சாலை நடுவில் ஒரு திட்டு. அதற்குப் ‘பன்றித் தீவு’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வாரந்தோறும் அங்கே போய் நிற்பார்கள். சிக்னலில் லாரி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பன்றிகளைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், வெயில் காலத்தில் தண்ணீர் கொடுப்பார்கள். துன்பப்படுகிற உயிரைக் கண்டு விலகி ஓடாதே, கிட்டே போ என்ற டால்ஸ்டாயின் எண்ணமே இதற்கு அடிப்படை என்று க்ரைன்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். டால்ஸ்டாய் சும்மா சொன்னவர் அல்ல. துலா நகரத்து அறுப்புக்கூடத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியவர்.

டால்ஸ்டாய் என்றதும் கை தானாக இன்னொரு பக்கம் போகிறது. ஜோகன்னஸ்பர்க் அருகே 1910-ல் காந்தியும் ஹெர்மன் காலன்பாக்கும் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ச் சத்தியாகிரகிகளின் குடும்பங்களும் இருந்தன. கல்கத்தாவில் மாட்டின் மடியில் கடைசிச் சொட்டையும் கறக்கப் பால்காரர்கள் செய்த கொடுமைகளைப் பற்றி காந்தி அங்கே இருந்தபோது படித்தார். 1912-ல் அவரும் காலன்பாக்கும் பாலை விட்டார்கள். வீகன் சொசைட்டி பிறப்பதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பு! பிறகு 1918-ல் காந்தி நோயில் விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். டாக்டர் பாலைக் குடிக்கச் சொன்னார், காந்தி மறுத்தார். விரதம் எடுத்தபோது பசும்பாலும் எருமைப்பாலும்தானே மனதில் இருந்தன, ஆட்டுப்பால் குடித்தால் என்ன என்று கேட்டவர் கஸ்தூர்பா. குடித்தார், பிழைத்தார். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரை விட்டுவிட்டேன் என்று சுயசரிதையில் வருந்துகிறார். ஆட்டுப்பால் காந்தி எல்லோருக்கும் தெரிந்தவர். அந்தப் பாலைக் குடித்ததற்காகக் கடைசிவரை மனம் உறுத்திக்கொண்டிருந்த காந்தியை நாம் பேசுவதே இல்லை.

டொரன்டோவுக்குத் திரும்புவோம். நகரத்துக்குள் இருந்த அந்த அறுப்புக்கூடம் 2014-ல் கடனில் மூழ்கி மூடப்பட்டது. பிக் சேவ்காரர்கள் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, பர்லிங்டன் நகரத்து அறுப்புக்கூடத்தின் முன்னால் நிற்கப் போனார்கள்.

2015 ஜூன் 22. வெயில் நாள். பன்றிக்கு நம்மைப் போல் வியர்க்காது. உடம்புச் சூட்டைத் தணிக்கச் சேற்றில் புரள வேண்டும், இல்லையென்றால் மூச்சிரைக்க வேண்டும். லாரிக்குள் சேறு ஏது? பக்கத் தகட்டில் வரிசையாக ஓட்டைகள், ஓட்டைக்கு ஒரு மூக்கு. க்ரைன்ஸ் தண்ணீர் பாட்டிலை ஓட்டையில் நீட்டினார். உள்ளே இருந்தது வாயை வைத்துக் குடித்தது. டிரைவர் இறங்கிவந்து நிறுத்தச் சொன்னார். தாகம் என்றவனுக்குத் தண்ணீர் கொடு என்று ஏசு சொல்லியிருக்கிறாரே என்றார் க்ரைன்ஸ். இதுகள் மனுஷர்கள் இல்லை என்றார் டிரைவர். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்டார். தண்ணீர் என்று பதில் வந்தது. இவ்வளவும் வீடியோவில் பதிவாகியிருக்கிறது.

பன்றிகளின் உரிமையாளர் போலீசுக்குப் போனார். பிறர் சொத்தைப் பயன்படுத்துவதற்கு இடையூறு செய்ததாக க்ரைன்ஸ் மேல் குற்றவியல் வழக்கு பதிவானது. இந்த வழக்கில் சொத்து என்பது தாகமாயிருந்த பன்றி. தண்ணீரில் எதையாவது கலந்திருந்தால் அறுப்புக்கூடம் அந்த லோடையே வேண்டாம் என்றிருக்கலாம், உரிமையாளருக்கு நஷ்டம் ஆகியிருக்கலாம் என்பது அரசுத் தரப்பு வாதம். தண்டனை கிடைத்தால் சிறைக்கும் போக வேண்டியிருக்கலாம்.

தீர்ப்பு 2017 மே 4 அன்று வந்தது. நீதிபதி டேவிட் ஹாரிஸ் அவரை விடுவித்தார். க்ரைன்ஸை காந்தியோடும் மண்டேலாவோடும் ஒப்பிட்டு வக்கீல்கள் பேசியதை அவர் ஏற்கவில்லை. சட்டப்படி பன்றி சொத்துதான் என்பதையும் மாற்றவில்லை. அவர் பார்த்தது ஒன்றைத்தான். பன்றிகள் போய்ச் சேர்ந்தனவா? சேர்ந்தன. அறுக்கப்பட்டனவா? அறுக்கப்பட்டன. அப்படியானால் யாருடைய சொத்துக்கு என்ன இடையூறு?

பலமுறை படித்துப் பார்த்தேன். தண்ணீர் கொடுத்ததால் பன்றி பிழைத்திருந்தால் க்ரைன்ஸ் ஒருவேளை குற்றவாளி. அது பிழைக்காததால் அவர் நிரபராதி. நீதிபதியை நான் குறை சொல்லவில்லை. கையில் இருந்த சட்டத்துக்குள் நின்று நியாயமாகவே தீர்ப்புச் சொன்னார். ஆனால் இந்த இயக்கம் எதை எதிர்த்து நிற்கிறது என்பதை, எந்த ஆதரவாளரின் மேடைப் பேச்சையும்விட இந்தத் தீர்ப்பு எனக்குத் தெளிவாகக் காட்டியது.

சட்டம் பிறகு மேலும் இறுகியது. 2020 ஜூனில் ஒன்டாரியோ மாகாணச் சட்டமன்றம் 156-வது மசோதாவை நிறைவேற்றியது. ஏற்றிச்செல்லும் லாரியை மறித்தாலோ, அனுமதியில்லாமல் உள்ளே இருக்கும் விலங்கை அணுகினாலோ அபராதம். மசோதா நிறைவேறிய இரண்டாவது நாள், ஜூன் 19, பர்லிங்டன் அறுப்புக்கூட வாசலில் நின்றிருந்த 65 வயது ரீகன் ரசல் பன்றி லாரி மோதி இறந்தார். பல ஆண்டுகளாக விலங்குகளுக்காகத் தெருவில் நின்றவர். அந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான் அன்றும் நின்றிருந்தார்.

அதே ஆண்டு பிப்ரவரியில் கனடா இன்னொரு விதியையும் மாற்றியது. பன்றிகளைத் தீனியும் தண்ணீரும் ஓய்வும் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய உச்சவரம்பு அதுவரை 36 மணி நேரம். அதை 28 ஆகக் குறைத்தார்கள். எட்டு மணி நேரம் குறைந்தது பெரிதா சிறிதா என்பதை, வெயிலில் பஸ்ஸில் தண்ணீர் தீர்ந்து தவித்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லட்டும்.

‘சாப்பாட்டுத் தொடரில் அறுப்புக்கூடம் எதற்கு?’ என்று மதுரை வாசகர் ஒருவர் சென்ற மாதமே கேட்டிருந்தார். பதில் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். ஐயா, நனிசைவத்தை ஒரு பத்தியச் சாப்பாடாக எழுதினால் இரண்டு வாரத்தில் தொடர் முடிந்துவிடும். பால் வேண்டாம், தயிர் வேண்டாம், நெய் வேண்டாம், அவ்வளவுதான். ஒருவர் ஏன் அந்த முடிவுக்கு வந்தார் என்று கேட்டால்தான் லாரியும் கோர்ட்டும் பண்ணையும் வந்து நிற்கின்றன. டொரன்டோவில் நனிசைவ உணவகம் தொடங்கியவர்கள் ‘ஹாக்டவுன் வீகன்’ என்று போர்டு மாட்டினார்கள். பன்றித் தீவில் நின்றவர்களைத் தெரியாமல் அந்தப் போர்டை எப்படிப் படிப்பது?

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. டொரன்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரிடம் போனில், அங்கே தமிழ்க் கடைகளில் நனிசைவம் கிடைக்குமா என்று கேட்டேன். “என்ன தம்பி கேக்கிறியள், இடியப்பமும் சொதியும் சம்பலும் இருக்கேக்க வேற என்ன வேணும்?” என்றார். ஒரு நொடி யோசித்துவிட்டு, “ஆனா கேட்டுத்தான் வாங்க வேணும். தேங்காய்ப்பால் பிழியிறதுக்குப் பஞ்சிப்பட்டு மாட்டுப்பால் விட்டுச் சொதி வைக்கிற ஆக்களும் இப்ப இருக்கினம். சம்பலுக்குள்ள மாசிக் கருவாடு கிடக்கோ எண்டும் பாக்க வேணும்” என்றார். புது உணவு எதையும் கண்டுபிடிக்காமல் பாட்டி சமைத்தபடி சமைத்தாலே போதும் என்ற நிலையில் இருக்கிற சமையல் அது. அக்காவிடம் அந்தக் கடைகளின் பட்டியல் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் உணவகங்கள். அதிலும் பார்க்டேல் பகுதியில் 2018-ல் வெடித்த சண்டையிலிருந்து தொடங்கப் போகிறேன். ஒரே வீதியில் வரிசையாக நனிசைவக் கடைகளைத் திறந்து ‘வீகன்டேல்’ என்று பெயர் சூட்டினார்கள். அங்கே நெடுநாளாகக் குடியிருந்த ஏழை மக்கள், எங்கள் பேட்டையின் பெயரையும் வாடகையையும் மாற்ற நீங்கள் யார் என்று எதிர்த்து நின்றார்கள். விலங்குக்கு இரங்குகிறவர் பக்கத்து வீட்டு வாடகைக்காரருக்கும் இரங்க வேண்டும் என்பது என் கட்சி. இரண்டு தரப்புக்கும் சொல்ல நியாயம் இருந்தது, அதை முழுதாகவே எழுதுகிறேன்.