படைக்குப் பின் (9): கூட இருந்தவர் எழுதித் தர வேண்டியது

சென்ற வாரம், பணியிலிருந்து விடுவிக்கும்முன் உடலைப் பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு வரை வந்தோம். "பணியால் வந்ததல்ல, பணியால் மோசமானதும் அல்ல" என்று அந்த போர்டு ஒரு வரி எழுதிவிட்டால், ஊனம் இருபது சதவீதத்தைத் தாண்டியிருந்தாலும் ஊன ஓய்வூதியம் மறுக்கப்படும்.

அந்த ஒரு வரியை எதிர்க்க நமக்குப் பலம் தந்தது, 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த தரம்வீர் சிங் தீர்ப்பு. அவர் 1985-இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். வலிப்பு நோய் என்று 1994-இல் வெளியே அனுப்பினார்கள். சேரும்போது எந்தக் குறையும் பதிவாகவில்லை என்றால், பிறகு வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். மறுப்பதானால் ராணுவம்தான் நிரூபிக்க வேண்டும் என்று 1982 விதிகளைக் காட்டி நீதிமன்றம் சொன்னது.

1982 விதிகள் பொருந்துகிறவரின் நோய்க்குப் பெரும்பாலும் இது போதும். காயம் என்றால், அது எங்கே, என்ன வேலையில் பட்டது என்று காட்டியாக வேண்டும். முறைப்படி யூனிட்டிலேயே காய அறிக்கை எழுதி, பார்த்தவர் வாக்குமூலத்தையும் அதில் சேர்த்திருக்க வேண்டும். அது இல்லாதவர் ரெக்கார்ட் ஆபீஸைத்தான் நம்ப வேண்டும். ஆனால் ஓய்வூதியம் இல்லாமல் வெளியேறியவரின் பதிவேடுகளை அங்கே 25 ஆண்டுகள்தான் வைத்திருப்பார்கள். ஓய்வூதியருக்கு 50 ஆண்டுகள். காகிதம் அதிகம் தேவைப்படுகிறவனின் காகிதம்தான் முதலில் அழிகிறது. இது பெரிய அநியாயம்.

அங்கேதான் கூட இருந்த சிப்பாயின் சாட்சி வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இதற்கென்றே அச்சடித்த படிவம் இருக்கிறது. நாம் நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரமாகத் தரலாம். சித்தூர், திருப்பதிக்காரர்களின் வழக்கு போவது சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு. நீங்கள் தமிழிலோ தெலுங்கிலோ சொல்வதை ஆங்கிலத்தில் டைப் அடிப்பார்கள். வரி வரியாகப் படித்து அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.

"இவர் பணியில்தான் ஊனமானார் என்பது எனக்குத் தெரியும்" என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதினார் என்று வைத்துக்கொள்வோம்: "நாங்கள் ஒரே கம்பெனி. 1992 டிசம்பரில் பாலம் போடும்போது இரும்புச் சட்டம் சரிந்து இவர் இடது முழங்காலில் விழுந்தது. எம்.ஐ. ரூமுக்குத் தூக்கிப்போனவர்களில் நானும் ஒருவன். அதன்பின் இவர் காலை ஓட்டத்துக்கு வரவில்லை." இதில் கண்ணால் கண்டதைத் தவிர வேறெதுவும் இல்லை. மூட்டு ஏன் தேய்ந்தது என்று சொல்வது டாக்டர் வேலை. எழுதுகிறவர் தன் ராணுவ எண், பதவி, அந்த யூனிட்டில் இருந்த காலம் ஆகியவற்றைச் சேர்த்து, டிஸ்சார்ஜ் புக் நகலையும் இணைக்க வேண்டும். நாள் நினைவில்லையா, மாதம் போதும். ஊகித்து ஒரு தேதியைப் போட்டு, அது லீவில் இருந்த நாளாக அமைந்துவிட்டால் முழு வாக்குமூலமும் விழுந்துவிடும்.

வீட்டாரும் எழுதலாம். லீவில் வந்தவர் நொண்டியபடி வந்ததையும், புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டதையும் மனைவியோ அண்ணனோ பார்த்திருப்பார்கள். புத்தூர் கட்டு ராணுவ ஆஸ்பத்திரிப் பதிவில் ஏறாது. அவர்கள் சொன்னால்தான் உண்டு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். லீவில் பட்ட அடியைப் பணியில் பட்டதாக எழுத வேண்டாம். ஆண்டு விடுமுறையில் நடந்த சாலை விபத்துக்கு ஊன ஓய்வூதியம் இல்லை என்று 2011-இல் ஜுஜார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொய்ப் பிரமாணம் தண்டனைக்குரிய குற்றம். உண்மையாக அடிபட்டவரின் வழக்கையும் அது கெடுக்கும்.

உங்களோடு இருந்து அடிபட்டவர் யாராவது நினைவுக்கு வந்தால், அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போன் செய்யுங்கள். தாமதம் எவ்வளவு இழக்க வைக்கும் என்பதற்குத் தார்சேம் சிங் உதாரணம். அவர் 1983-இல் ஊனத்தால் வெளியேற்றப்பட்டவர். 1999-இல்தான் நீதிமன்றம் போனார். 2008-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு அனுமதித்த நிலுவை, வழக்குப் போடுவதற்கு முந்தைய 38 மாதங்களுக்கு மட்டுமே.